திரை எழாத சர்வர்

லினக்ஸ் சர்வர் ஒன்றை மறுபடி இயக்கியதும் இணையதளம் வந்துவிடுகிறது, தரவுத்தளம் பதில் சொல்கிறது, காப்புப் பிரதியும் நேரத்துக்கு எடுக்கப்படுகிறது. ஆனால் அதனுடன் இணைத்த மானிட்டரில் லாகின் பக்கம் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரையும் இமைக்கும் ஒரு சிறு கோடும்தான் இருக்கின்றன. வரைகலை எழவில்லை என்றால் சர்வரே எழவில்லை என்று பொருளல்ல. லினக்ஸில் வரைகலைத் திரை என்பது கெர்னலுக்கு வெளியே, மற்ற நிரல்களைப் போலத் தொடங்கி மற்ற நிரல்களைப் போலவே செத்துப்போகக்கூடிய ஒரு நிரல். ஆகவே திரை கறுத்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது வீண் சேதம். ஓடிக்கொண்டிருந்த சேவைகள் அறுபடும். பதிவுகளை வட்டில் சேமிக்கும்படி அமைக்காத சர்வரில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல் நினைவகத்தில்தான் இருக்கும். மறுதொடக்கத்தில் அதுவும் காணாமல் போகும். வரைகலைத் திரையைத் தரும் எக்ஸ் சர்வரோ தன் முந்தைய பதிவுகளில் ஒன்றை மட்டுமே பழையது என்று எடுத்துவைக்கும். மேலும் இரண்டு முறை தொடங்கிப் பார்த்தால் முதல் தோல்வியின் தடயம் போய்விடும்.

முதலில் பார்க்கவேண்டியது பழுதே அல்ல. அந்தச் சர்வரிடம் வரைகலை கேட்கப்பட்டதா என்பது. உபுண்டுவின் சர்வர் பதிப்பு டெஸ்க்டாப் எதையும் நிறுவுவதில்லை. ரெட் ஹேட் வழிவந்த இயங்குதளங்களில் நிறுவும்போது மினிமல் என்பதைத் தேர்ந்திருந்தாலும் இதே நிலைதான். டெஸ்க்டாப் நிறுவப்பட்டிருந்தாலும், சர்வர் எந்த இலக்கு வரை எழவேண்டும் என்பதை சிஸ்டம்டி தனியாகக் குறித்துவைத்திருக்கிறது. மல்டி-யூசர் என்ற இலக்கோடு நின்றால் எழுத்துத் திரை. கிராஃபிக்கல் என்ற இலக்கு வரை போனால் வரைகலை. பழைய ரெட் ஹேட் வழக்கில் இவையே மூன்றாம், ஐந்தாம் ரன்லெவல்கள். நினைவகத்தை மிச்சப்படுத்த யாரோ ஒருவர் இலக்கை மல்டி-யூசராக மாற்றிவைத்துவிட்டுப் போயிருப்பார். மறுதொடக்கம் நடக்கும் வரை அது யாருக்கும் தெரியாது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் இயல்பு இலக்கு எது என்று கேட்டால் ஒரே வரியில் விடை கிடைக்கும்.

இலக்கு சரியாக இருந்தும் திரை வராத ஒரு விசித்திர நிலையும் உண்டு. கிராஃபிக்கல் இலக்கு நேரடியாக எதையும் வரைவதில்லை. டிஸ்பிளே-மேனேஜர் என்ற பொதுப் பெயருள்ள சேவையை அழைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பெயர் ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம் போன்ற ஏதோ ஒரு லாகின் நிரலைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. ஒரு டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டு இன்னொன்றை நிறுவும்போது இந்த இணைப்பு அந்தரத்தில் தொங்கிவிடலாம். அப்போதும் சிஸ்டம்டி இலக்கை அடைந்துவிட்டதாகவே சொல்லும், ஏனென்றால் அந்தச் சேவை அதற்கு விருப்பமே தவிர கட்டாயமல்ல. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் வெறும் கறுப்புத் திரை வந்தால் இந்த இணைப்பைப் பார்ப்பது நல்லது.

உள்ளே போக வழிகள் பல. கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3-ஐ அழுத்தினால் வேறொரு எழுத்துக் கன்சோல் திறக்கும். அது திறந்தால் கெர்னலும் விசைப்பலகையும் உயிரோடு இருக்கின்றன. பழுது வரைகலை அடுக்கில்தான் என்பது உறுதி. அது திறக்காவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியிலிருந்து நுழையலாம். அதுவும் இல்லையென்றால் சர்வரின் மேலாண்மைச் சிப் தரும் தொலைக் கன்சோல். கடைசியாக சீரியல் போர்ட்.

மேலாண்மைச் சிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சர்வரின் திரை வீட்டுக் கணினியின் திரையிலிருந்து வேறுபடுவது இங்கேதான். பெரும்பாலான சர்வர்களில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. தாய்ப்பலகையில் பிஎம்சி என்ற ஒரு சிறு கணினி தனியாக உட்கார்ந்திருக்கிறது. சர்வர் அணைந்திருக்கும்போதும் அது காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும். டெல்லின் ஐட்ராக், எச்பியின் ஐஎல்ஓ ஆகியவை இந்த வகை. விஜிஏ துளைக்குப் படத்தை அனுப்புவதும் அதே சிப்தான். அந்தப் படத்தைச் சுருக்கி வலையமைப்பு வழியாக நிர்வாகிக்கு அனுப்புவதும் அதுதான். அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி மிக எளியது. தைவானின் ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2500 போன்ற சிப்கள் அதிகபட்சம் 1920×1200 பிக்சல்தான் காட்டும். இன்னொரு பெரிய வகை, 1998-இல் மேசைக் கணினிகளுக்காக வந்த மேட்ராக்ஸ் ஜி200-இன் வழித்தோன்றல். விளையாட்டுப் பிரியர்கள் எப்போதோ மறந்துவிட்ட ஒரு வடிவமைப்பு, யாரும் பார்க்காத சர்வர் அறைகளில் இன்னும் வாழ்கிறது.

இந்தச் சிப்களுக்குக் கொடுக்கப்படும் காட்சி நினைவகமும் சொற்பம். 16 மெகாபைட் என்பது வழக்கமான அளவு. ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் 1920×1200 திரைக்கு ஏறத்தாழ 92 லட்சம் பைட் போதும். அதற்குள் அடங்கும். ஆனால் அதே அளவில் இரண்டு முழுத் திரைகளை அடுத்தடுத்துத் தயாரித்து மாற்றிக் காட்ட நினைத்தால் 16 மெகாபைட்டைத் தாண்டிவிடும். 4கே எனப்படும் 3840×2160 திரையென்றால் ஒரு படமே 3 கோடியே 31 லட்சம் பைட்டைக் கேட்கும். அலுவலகத்தின் புது 4கே மானிட்டரைக் கொண்டுபோய் சர்வரில் செருகினால் அதன் முழு நுணுக்கம் கிடைக்காது. எங்காவது யாராவது அந்த அளவைக் கட்டாயமாக எழுதிவைத்திருந்தால் திரையே வராது.

மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லாததும் ஒரு பெரிய காரணம். 1994-இல் வெசா என்ற தர அமைப்பு வகுத்த இடிஐடி முறைப்படி ஒவ்வொரு மானிட்டரும் தன் தயாரிப்பாளர், தாங்கும் பிக்சல் அளவுகள், புதுப்பிப்பு வேகம் ஆகியவற்றை 128 பைட் கொண்ட ஒரு சிறு அட்டவணையாக வைத்திருக்கிறது. முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் ஒன்றே: ஒரு 0, பிறகு ஆறு 255, மறுபடி ஒரு 0. கடைசி பைட் சரிபார்ப்புக்கு. 128 பைட்டுகளையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கேபிளில் உள்ள இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக இந்த அட்டவணை கிராஃபிக்ஸ் சிப்புக்கு வருகிறது. சர்வர் அறைகளில் ஒரு மானிட்டரைப் பல சர்வர்களுக்குப் பகிரும் கேவிஎம் பெட்டிகளில் மலிவானவை இந்தக் கம்பிகளைக் கடத்துவதில்லை. அல்லது பெட்டி வேறு சர்வரின் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் இந்தச் சர்வர் எழுந்தால் எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. சிப் மானிட்டர் இல்லை என்று முடிவுகட்டுகிறது. சில டிரைவர்கள் 1024×768-இல் ஒரு படத்தை அனுப்பி வைக்கும், சில ஒன்றும் அனுப்பாது. கெர்னலின் சிஸ் அடைவில், டிஆர்எம் பகுதியின் கீழ் ஒவ்வொரு துளைக்கும் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். மானிட்டரைச் செருகியிருக்கும்போதே அது இணைப்பில்லை என்று சொன்னால், குற்றம் கேபிளிலோ பெட்டியிலோ இருக்கிறது. மென்பொருளை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அது சரியாகாது. அந்தத் துளையில் மானிட்டர் இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று கெர்னலின் தொடக்க வரியில் கட்டாயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. கேவிஎம் பெட்டியை மாற்ற முடியாத இடங்களில் அதுதான் நடைமுறைத் தீர்வு.

அடுத்த அடுக்கு கெர்னலின் டிரைவர். 2009-இல் வந்த கெர்னல் 2.6.29-இலிருந்து திரையின் அளவை நிர்ணயிக்கும் வேலை படிப்படியாகக் கெர்னலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதற்கு முன் எக்ஸ் சர்வர் ரூட் அதிகாரத்தோடு ஓடி, கிராஃபிக்ஸ் கார்டின் உறுப்புகளை நேரடியாகத் தொட்டது. இப்போது கெர்னலில் உரிய டிரைவர் ஏறாவிட்டால் மேலே உள்ள எதற்கும் வேலையில்லை. எல்எஸ்பிசிஐ கட்டளையில் கே என்ற தேர்வைச் சேர்த்தால், ஒவ்வொரு கார்டுக்கும் எந்த டிரைவர் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும். கார்டின் பெயர் வந்து டிரைவர் வரியே இல்லாவிட்டால் தேடல் அங்கேயே நிற்கவேண்டும்.

டிரைவர் ஏறாததற்குக் காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது நோமோட்செட் என்ற ஒற்றைச் சொல். கெர்னலின் தொடக்க வரியில் அது இருந்தால் இந்த டிரைவர்கள் ஒதுங்கிக்கொள்ளும். இயங்குதளத்தை நிறுவும்போது திரை சரியாக வராமல், எளிய வரைகலை முறையில் நிறுவு என்ற தேர்வை எடுத்தவர்களின் சர்வரில் ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் இந்தச் சொல்லை நிரந்தரமாக எழுதிவைத்துவிடும். அன்றைக்கு உதவிய அதே சொல்தான் பின்னாளில் நல்ல டிரைவர் வந்தபிறகும் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. பழைய வெசா டிரைவராவது கைகொடுக்குமா என்றால், அதற்குப் பழைய வகை பயாஸ் தேவை. யுஇஎஃப்ஐ முறையில் எழும் சர்வரில் அதுவும் ஓடாது.

என்விடியா கார்டு பொருத்திய சர்வர்களில் கதை வேறு. அதன் தனியுரிம டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்படவேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, அதற்குரிய ஹெடர் கோப்புகள் நிறுவப்படாமல் இருந்தால் கட்டுமானம் தோற்கும். புதுக் கெர்னலோடு எழும் சர்வரில் என்விடியா டிரைவர் இருக்காது. திறமூல மாற்றான நூவோ இருக்கிறதே என்றால், என்விடியாவை நிறுவியபோதே அதைத் தடைப்பட்டியலில் போட்டாகிவிட்டது. ஆக, இரண்டும் இல்லை. செக்யூர் பூட் இயங்கும் சர்வரில் இன்னொரு தடை: கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் நிராகரிக்கும். கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும் நீலப் பக்கம் இயங்குதளம் எழுவதற்கு முன்பே வந்துபோகிறது. எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது படாது, பிஎம்சியின் தொலைக் கன்சோலில்தான் பார்க்க முடியும். தானியங்கிப் புதுப்பித்தல் நள்ளிரவில் டிரைவரின் நூலகக் கோப்புகளை மட்டும் மாற்றி, பழைய டிரைவரே கெர்னலில் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டின் பதிப்பும் பொருந்தாது என்ற பிழை வரும். அதற்கு மறுதொடக்கம் போதும்.

இனி எக்ஸ் சர்வர். எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியின் அதீனா திட்டத்தில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. இன்றும் புழங்கும் பதினோராம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. லினக்ஸ் உலகில் அதை முதலில் சுமந்தது எக்ஸ்ஃப்ரீ86. உரிம மாற்றம் கிளப்பிய சச்சரவில் 2004-இல் பெரும்பாலோர் எக்ஸ்.ஆர்க் பக்கம் போனார்கள். அந்தக் காலத்தில் கார்டு, மானிட்டர், சுட்டி என்று எல்லாவற்றையும் அமைவுக் கோப்பு ஒன்றில் கையால் எழுதவேண்டும். பிற்பாடு எக்ஸ்.ஆர்க் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அமைவுக் கோப்பு ஒன்று கிடந்தால் இன்றும் அதற்கே கீழ்ப்படியும். சர்வரில் வரைகலை எழாத பல நிகழ்வுகளில், என்றோ எழுதி மறந்த அந்தக் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவைத்தாலே போதும், திரை வந்துவிடும். வேறெந்த ஒற்றைச் செயலுக்கும் இவ்வளவு பலன் கிடையாது.

எக்ஸ் சர்வரின் பதிவுக் கோப்பு வார் அடைவின் லாக் பகுதியில் இருக்கும். ரூட் அல்லாத பயனரின் பெயரில் ஓடினால் அந்தப் பயனரின் வீட்டு அடைவுக்குள், மறைந்த லோக்கல் அடைவின் கீழ் இருக்கும். பழைய இடத்தில் தேடுபவருக்கு மாதக்கணக்கான பழைய பதிவு கிடைத்துக் குழப்பும். கோப்பின் தேதியைப் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. ஒவ்வொரு வரியின் முன்னும் அடைப்புக்குறிக்குள் ஒரு குறி உண்டு. இரட்டை ஈ என்றால் பிழை. இரட்டை டபிள்யூ என்றால் எச்சரிக்கை. இரண்டு சிறு கோடுகள் என்றால் வன்பொருளிடம் கேட்டறிந்தது. இரண்டு நட்சத்திரங்கள் என்றால் அமைவுக் கோப்பில் எழுதியிருந்தது. இரண்டு சமக்குறிகள் என்றால் இயல்பாக எடுத்துக்கொண்டது. இந்தக் கடைசி மூன்றும் பிழைக் குறியைவிட அதிகம் பயன்படும். எழுதியதாக நினைவே இல்லாத ஓர் அளவுக்கு முன் நட்சத்திரங்கள் நின்றால், எங்கோ ஒரு கோப்பு கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

பதிவின் கடைசியில் வழக்கமாக நிற்பது திரை எதுவும் கிடைக்கவில்லை என்ற வரி. தேடுபொறியில் எல்லோரும் இடுவது அதைத்தான், அதனால் பயனில்லை. முன்னால் எது தவறினாலும் முடிவாக வருவது அந்த வரி. அங்கிருந்து மேலே ஏறி முதல் பிழை எது என்று பார்க்கவேண்டும். அப்போதும் எல்லாப் பிழைக் குறியும் கொலையாளியல்ல. தானே கண்டுபிடிக்கும் முறையில் எக்ஸ் சர்வர் நான்கைந்து டிரைவர்களை வரிசையாக முயலும். நிறுவப்படாத ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை வரி விழும். திரை நன்றாக வரும் சர்வரிலும் அந்த வரிகள் இருக்கும்.

ஓர் உதாரணத்தை அருகில் பார்க்கலாம். பிஎம்சியின் ஆஸ்பீட் சிப்பில் திரை காட்டிக்கொண்டிருந்த சர்வரில், கணக்கீட்டுக்காக என்விடியா கார்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். டிரைவரோடு வந்த அமைவுக் கருவியை ஓட்டுகிறார்கள். அது ஒரு அமைவுக் கோப்பை எழுதி, திரையை என்விடியா டிரைவரிடம் ஒப்படைக்கிறது. டி4, ஏ100 போன்ற கணக்கீட்டுக் கார்டுகளில் மானிட்டர் துளையே கிடையாது. எனவே மானிட்டரைச் செருகியிருக்கும் விஜிஏ துளை ஆஸ்பீட்டிடம், எக்ஸ் சர்வர் பார்ப்பது என்விடியாவை. பதிவில் திரை கிடைக்கவில்லை. நிர்வாகி கோப்பைத் திருத்தி ஆஸ்பீட்டின் பக்கம் திருப்ப முயல்கிறார். பிசிஐ முகவரியை எல்எஸ்பிசிஐ காட்டியபடி அப்படியே எடுத்து எழுதுகிறார்: 17, 0, 0. மறுபடி தோல்வி. எல்எஸ்பிசிஐ காட்டுவது பதினாறடிமான எண். எக்ஸ் அமைவுக் கோப்பு எதிர்பார்ப்பது பத்தடிமான எண். பதினாறடிமானத்தில் 17 என்பது பத்தடிமானத்தில் 23. முகவரியில் ஆங்கில எழுத்து கலந்திருந்தால் யாருக்கும் உறைத்திருக்கும். வெறும் இலக்கங்களாக இருப்பதால்தான் கண்ணில் படாமல் போகிறது. 23 என்று எழுதினால் திரை வரும். கோப்பையே நீக்கினாலும் வரும், ஏனென்றால் ஃபர்ம்வேர் முதன்மை என்று குறித்த கார்டைத்தான் எக்ஸ் சர்வர் தானாகத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலான சர்வர்களில் அது உள்ளமைந்த சிப்தான்.

டிரைவரும் கார்டும் சரியாக இருந்தும் எக்ஸ் சர்வர் எழ மறுக்கும் வேறொரு காரணம் பூட்டுக் கோப்பு. சுழியாம் திரையைப் பிடித்துக்கொண்டதும் எக்ஸ் சர்வர் தற்காலிக அடைவில் தன் பிராசஸ் எண்ணை எழுதிய ஒரு கோப்பை வைக்கும். முறையாக முடிந்தால் அழித்துவிடும். மின்சாரம் போனால் கோப்பு மிஞ்சும். அடுத்த முறை எழும் எக்ஸ் சர்வர் அந்த எண்ணில் ஏதாவது பிராசஸ் ஓடுகிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் பழைய பூட்டை எறிந்துவிட்டுத் தொடர்கிறது; இருந்தால் ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடுகிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்த எண்ணில் ஓடுவது எக்ஸா, வேறு ஏதாவது நிரலா என்று அது சோதிப்பதில்லை. டாக்கர் போன்ற கன்டெய்னர்களுக்குள் மெய்நிகர்த் திரை ஓட்டுபவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். கன்டெய்னருக்குள் பிராசஸ் எண்கள் எப்போதும் சிறியவை, வரிசையும் மாறாது; எனவே நின்றுபோன கன்டெய்னரை மறுபடி தொடங்கும்போது பழைய எண்ணில் பெரும்பாலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தற்காலிக அடைவின் அனுமதிகளை யாராவது இறுக்கிவைத்திருந்தாலும் பூட்டையும் சாக்கெட்டையும் உருவாக்க முடியாமல் இதே இடத்தில் நிற்கும். அந்த அடைவின் அனுமதி 1777 என்றிருக்கவேண்டும்.

திரை ஐந்தாறு முறை பளிச்சிட்டு, பிறகு ஒரேயடியாக அடங்கினால் அதற்குப் பொருள் வேறு. லாகின் நிரல் விழுந்து எழுகிறது, சிஸ்டம்டி தூக்கிவிடுகிறது. இயல்பான விதிப்படி 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க நேர்ந்தால் சிஸ்டம்டி கைவிடும். ஜர்னலில் அதிவேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது என்ற வரி இருக்கும். அதற்கு முந்தைய வரிகளில்தான் விஷயம்.

லாகின் பக்கம் வந்து, கடவுச்சொல் கொடுத்ததும் ஒரு கணம் இருண்டு மறுபடி லாகின் பக்கமே வருவது இன்னொரு தனி ரகம். கடவுச்சொல் தவறென்றால் அப்படிச் சொல்லும்; சொல்லாமல் திரும்பினால் கடவுச்சொல் சரி, அமர்வுதான் தொடங்கவில்லை. காரணம் பெரும்பாலும் வட்டு நிரம்பியது. எக்ஸ் சர்வரோடு பேச ஒவ்வொரு பயனருக்கும் 128 பிட் கொண்ட ரகசிய எண் தேவை. அது எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைந்த கோப்பில் எழுதப்படுகிறது. ஒரு பைட் இடமும் இல்லாத வட்டில் அதை எழுத முடியாது. குழப்பம் என்னவென்றால், இஎக்ஸ்டி4 கோப்பு முறை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. ரூட்டாக எஸ்எஸ்எச்சில் நுழைபவர் கோப்புகளைத் தாராளமாக எழுதிப் பார்த்து வட்டில் இடமிருக்கிறது என்று நினைப்பார். சாதாரணப் பயனருக்கோ அது 100 சதவீதம் நிரம்பியது. டிஎஃப் கட்டளையின் சதவீதப் பத்தியை நம்பவேண்டும். இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம். லட்சக்கணக்கில் சிறு கோப்புகள் குவியும் அஞ்சல் சர்வர்களில் அது நடக்கும். அதே டிஎஃப்பில் ஐ என்ற தேர்வைச் சேர்த்தால் தெரியும்.

எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் மாறிப்போவதும் இதே அறிகுறியைத் தரும். எப்போதோ ஒருமுறை சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருந்தால், பயனரின் வீட்டு அடைவில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு கிடக்கலாம். அதற்குமேல் பயனரால் அதில் எழுத முடியாது. உரிமையை மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும். எஸ்எஸ்எச்சில் இருந்தபடியே ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டினால், கன்சோலில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று டெபியனும் உபுண்டுவும் மறுப்பது பழுதல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

திரை வந்தபிறகு டெஸ்க்டாப் ஊர்ந்தால், அதுவும் வன்பொருளைப் பற்றிய செய்திதான். க்னோம் போன்ற டெஸ்க்டாப்கள் ஓப்பன்ஜிஎல் இல்லாமல் ஓடுவதில்லை. ஆஸ்பீட், மேட்ராக்ஸ் சிப்களுக்கு முப்பரிமாண ஆற்றல் கிடையாது. எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் அந்த வேலையைச் சிபியுவின் தலையில் கட்டுகிறது. தரவுத்தளத்துக்கென்று வாங்கிய கோர்கள் ஜன்னலின் நிழலை வரைந்துகொண்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் இங்கே பொருத்தம். க்னோமை சர்வரில் நிறுவுவதற்கு நல்ல காரணம் கிடைப்பது அரிது.

மானிட்டரே இல்லாமல், சர்வரின் வரைகலை நிரல் ஒன்றைத் தன் கணினியில் பார்க்க விரும்புபவருக்கு நேரும் தோல்விகள் வேறு வகை. எக்ஸ் முறையில் எக்ஸ் சர்வர் ஓடவேண்டியது மானிட்டர் இருக்கும் பக்கத்தில், அதாவது பார்ப்பவரின் கணினியில். தூரத்து சர்வரில் ஓடும் நிரல் அதன் வாடிக்கையாளர். எனவே தூரத்து சர்வரில் எக்ஸ்.ஆர்க்கை நிறுவிப் பயனில்லை. அங்கே தேவையானவை எஸ்எஸ்எச்சில் எக்ஸ் கடத்தலுக்கு அனுமதியும் எக்ஸ்ஆத் என்ற சிறு கருவியும்தான். மினிமல் நிறுவலில் அந்தக் கருவி இருப்பதில்லை. அதனால் கடத்தல் கோரிக்கை தோற்றது என்று ஒரு வரி வரும். கெர்னலில் ஐபிவி6-ஐ முழுக்க அணைத்துவைத்த சர்வர்களிலும் இதே வரி வருவதுண்டு. எஸ்எஸ்எச் சேவையின் அமைப்பில் முகவரிக் குடும்பத்தை ஐபிவி4 மட்டும் என்று எழுதினால் சரியாகும். கடத்தல் வேலை செய்தால் டிஸ்பிளே என்ற சூழல் மாறி 10 என்ற எண்ணோடு வந்திருக்கும். எக்ஸின் 6000 என்ற அடிப்படை எண்ணோடு அதைக் கூட்டினால் 6010-ஆம் போர்ட். அந்த மாறி காலியாக இருந்தால் கடத்தலே அமையவில்லை. மாறி இருந்தும் திரையைத் திறக்க முடியவில்லை என்றால் ரகசிய எண் இல்லை: சூ கட்டளையால் வேறு பயனராக மாறியவருக்கு முதல் பயனரின் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு எட்டாது. காலையில் வேலை செய்து, அரை மணி கழித்துப் புது ஜன்னல் மட்டும் திறக்க மறுத்தால், நம்பாத கடத்தலுக்கு ஓப்பன்எஸ்எஸ்எச் வைத்திருக்கும் 20 நிமிடக் கெடு முடிந்திருக்கிறது.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்க இன்னொரு வழியான விஎன்சியில் போர்ட் எண் 5900-இலிருந்து தொடங்கும். முதல் மெய்நிகர்த் திரை பெரும்பாலும் 5901. அங்கே அமர்வு தொடங்கிய கணமே முடிந்துபோவதற்கு அதிகம் கண்ட காரணம், அதே பயனர் நேரடித் திரையிலும் க்னோமில் நுழைந்திருப்பது. ஒரே பயனருக்கு இரண்டு க்னோம் அமர்வுகள் ஒத்துப்போவதில்லை. யாரும் பார்க்கத் தேவையில்லாத, ஆனால் திரை இருந்தே தீரவேண்டும் என்று அடம்பிடிக்கும் நிரல்களுக்கு எக்ஸ்விஎஃப்பி இருக்கிறது: நினைவகத்திலேயே ஒரு திரையை வைத்துக்கொண்டு கார்டையும் மானிட்டரையும் கேட்காத எக்ஸ் சர்வர். உலாவியைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் சர்வர்களில் அது பல காலமாகப் புழங்குகிறது.

இவற்றில் ஒரு பகுதி பழங்கதையாகிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்தியான் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்டில் தனி எக்ஸ் சர்வர் கிடையாது; ஜன்னல்களை ஒழுங்குபடுத்தும் நிரலே கெர்னலோடு நேரடியாகப் பேசித் திரையை வரைகிறது. ஃபெடோரா 2016-இல் தன் 25-ஆம் பதிப்பில் இதை இயல்பாக்கியது. 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸ்.ஆர்க் சர்வரையே நீக்கி, பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலண்டை மட்டும் வைத்திருக்கிறது. அத்தகைய சர்வரில் வார் அடைவில் எக்ஸ் பதிவைத் தேடினால் கிடைக்காது. பழைய அமைவுக் கோப்பு கிடந்தாலும் அதைப் படிக்க ஆளில்லை. லாகின் நிரலின் செய்திகளும் அமர்வின் செய்திகளும் ஜர்னலுக்கே போகின்றன. கெர்னல் டிரைவர், இடிஐடி, நோமோட்செட், நிரம்பிய வட்டு ஆகியவை மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றன.